ஏழிலைமொட்டையில் ஒரு சாட்சிப் பெட்டி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காதில் எதையாவது மாட்டியிருந்தால் ஒரு அரை மணி நேரம் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அது கோபித்துக்கொள்ளாது. தன் புத்தி தன்னிடம்தான் இருக்கிறது என்று ஒரு பெண்பிள்ளை மலையேறிப் போய் நிரூபிக்க வேண்டிவந்த கதையைச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், இதில் யாரும் சாகமாட்டார்கள். அட்டை கடிக்கும், அவ்வளவுதான்.

தென்காசிக்கு மேற்கே பூலாம்பேரி என்ற ஊரில் மாவுக்கடை வைத்திருந்தாள் தங்கபுஷ்பம். வயது நாற்பத்தொன்பது. புருஷன் தவறிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை கிடையாது. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்து, அம்மா போன பிறகு அந்த வீட்டின் முன்னறையில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் தெருவே பாத்திரத்தோடு நிற்கும்.

அந்தக் காலத்தில் எல்லார் காதிலும் ‘துணை’ இருந்தது. மிளகு அளவு இயந்திரம். எந்தச் சேலை எடுக்கலாம், எந்த டாக்டரிடம் போகலாம், சம்பந்தி வீட்டில் எத்தனையாவது தோசையில் ‘போதும்’ என்று சொன்னால் மரியாதை என்பதுவரை காதுக்குள் சொல்லிவிடும். ஆளுக்கொன்று தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று எல்லாரும் ‘குடும்பப் பேக்’தான் போட்டிருந்தார்கள். அதில் குடும்பத் தலைவர் என்று ஒரு பெயர் கொடுக்க வேண்டும். புஷ்பத்தின் குடும்பத்தில் அது பெரியண்ணன் லிங்கதுரை. புஷ்பத்தின் துணை அவளுக்கு எல்லாமே சொல்லும், மாவு புளித்துவிட்டதா என்பதைத் தவிர. அதை மட்டும் அவள் கையை உள்ளே விட்டுத் தானே பார்த்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போது வீட்டை விற்கிற பேச்சு வந்தது. பறக்கும் ஆட்டோக்களை நிறுத்திவைக்கக் கோபுரம் கட்டுகிறோம் என்று ஒரு கம்பெனி வந்து கேட்டது. பெரியண்ணனுக்கும் சின்னண்ணனுக்கும் சம்மதம். இவர்கள் விற்க வேண்டுமானால் தங்கச்சி விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். பிறந்த வீட்டுச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறோமே, அந்தப் பத்திரம். கொடுத்தால் பொங்கலுக்குக் கரும்பும் பானையும் வரும், அண்ணன்மார் முகம் பார்த்துப் பேசுவார்கள். கொடுக்காவிட்டால் உறவு வாசற்படியோடு சரி.

அந்தப் பத்திரத்தில் ஒரு வரி வரும்: ‘எனது நல்ல நினைவுடனும் சுயபுத்தியுடனும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி.’ எழுதுகிறவர் யோசிக்காமல் எழுதி, கையெழுத்துப் போடுகிறவள் படிக்காமல் போட்டு, தலைமுறை தலைமுறையாக ஒரு தொந்தரவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த வரி. ஒருநாள் ஒரு நீதிபதி அதைப் படித்துத் தொலைத்துவிட்டார். “காதில் ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்போது, எது சுயபுத்தி என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார். வக்கீல்கள் தங்கள் துணையைக் கேட்டார்கள். துணைகள் வாய்தா கேட்டன.

அப்படிப் பிறந்ததுதான் சுயபுத்திச் சட்டம். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் முதலில் துணையைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக ஒரு மலையேறி, அங்கே பெட்டியில் இருக்கும் நோட்டில் தன் முடிவைத் தன் கையால் எழுதிவிட்டு வரவேண்டும்.

சட்டம் வந்த மறுமாதமே பூலாம்பேரி பஸ் ஸ்டாண்டு மாடியில் ‘சுயபுத்தி டுடோரியல்’ திறந்துவிட்டார்கள். நடத்தியவர் ஞானதிரவியம் சார். அதற்கு முன் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவர். தேர்ச்சி பெற்ற முந்நூறு பேரின் படத்தைப் பிளெக்ஸ் போட்டு மாடிப்படி நெடுக மாட்டியிருந்தார். பெரியண்ணன்தான் புஷ்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

“சொந்தமா யோசிக்கணும், சரி. ஆனா என்னத்தை யோசிக்கணும்னு மொதல்ல தெரிஞ்சிருக்கணும்லா? அதைத்தான் நான் சொல்லித் தாரேன்,” என்று ஆரம்பித்தார் சார்.

புஷ்பம் எழுந்து நின்றாள். “சார், நோட்டுல எழுதுததுக்கு எதுக்கு மலைக்குப் போவணும்? ஆபீஸ்லயே ஒரு ரூம்ல எழுதிக் குடுத்தா ஆவாதா?”

“நல்ல கேள்வி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அதனால முக்கியமில்ல. ஆனாலும் சொல்லுதேன். ரூம்ல சிக்னல் வரும். சிக்னல் இல்லன்னாலும் சொந்தக்காரன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து இருமுவான். ஆளே போவாத மலையில ரெண்டும் கெடையாது. அப்புறம் அந்தப் பெட்டியக் கவர்மெண்ட்டு வைக்கலம்மா. அது ஏற்கெனவே அங்கன கெடந்தது. முந்தி ஜியோகேச்னு ஒரு வெளையாட்டு உண்டு. ஒருத்தன் மலைமேல ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சிட்டு, அட்சரேகை தீர்க்கரேகை நம்பரை மட்டும் ஊருக்குச் சொல்லிருவான். இன்னொருத்தன் தேடிக் கண்டுபிடிச்சு, உள்ள இருக்க நோட்டுல பேரெழுதிட்டு, ஒரு பொம்மைய எடுத்துட்டு வேற ஒண்ணை வச்சிட்டு வருவான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, வீட்டுக்குப் போயிருவான்.”

“பரிசு?”

“கெடையாது. சான்றிதழும் கெடையாது. எதுக்கு ஏறினாம்னு எனக்கும் வெளங்கல. நம்ம அதிகாரிக பாத்தாக. பெட்டி இருக்கு, நோட்டு இருக்கு, சிக்னல் இல்ல. டெண்டர் விடுத வேலை மிச்சம்னு ‘சாட்சிப் பெட்டி’ன்னு பேரு வச்சு எடுத்துக்கிட்டாக. நீ தனியாப் போயிக் கண்டுபிடிச்சா புத்தி வேலை செய்யுதுன்னு பாதி நிரூபணம். மீதி பாதி அங்கன ஒன் கையால எழுதுத முடிவு. அதுக்கு மாடல் ஆன்சர் இருக்கு. எல்லாரும் சேந்து சொல்லுங்க.”

எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்: “இது என் சொந்த முடிவு. யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு முழுச் சம்மதம்.”

“பின்வரிசையில சத்தம் பத்தல. இன்னொருக்க.”

ஏழு நாளும் சொன்னார்கள். கடைசி நாள் புஷ்பம் மறுபடியும் எழுந்தாள்.

“சார், சம்மதம் இல்லன்னா என்ன எழுதணும்?”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஞானதிரவியம் சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“அது சிலபஸ்ல இல்லம்மா.”

கேட்டுவிட்டாளே தவிர, அவளுக்கே தெரியாது. வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெரியண்ணன் மாடியில் ஓர் அறையில் போய் இருக்க வேண்டியதுதான் என்று துணை சொல்லிற்று. ‘பாதுகாப்பு, நல்ல காற்றோட்டம்’ என்றது. அங்கே கிரைண்டர் போட முடியாது. வீட்டைக் கொடுக்காவிட்டால் கடை இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் ‘ஏட்டி, இருக்கியா?’ என்று கேட்டுக்கொண்டு உள்ளே வரும் அண்ணன் வரமாட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் புஷ்பம், எதைச் செய்ய என்று துணையைக் கேட்பாள். அதுவும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்லும்.

ஏழிலைமொட்டை என்று அவளுக்கு மலை ஒதுக்கி வந்தது. குறிப்பிட்ட நாளில் விடியற்காலை வேன் பிடித்தார்கள். விண்ணப்பதாரர் தனியாகப் போகவேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்ததால், தனியாகப் போகிறவளை வழியனுப்பப் பதினொரு பேர் கிளம்பினார்கள். இரண்டு அண்ணன், அவர்கள் பெண்டாட்டிமார் இரண்டு மைனி, மீதி அவர்கள் வகையறா. ஒரு அண்டா புளியோதரை, ஒரு தூக்குவாளி துவையல், உருளைக்கிழங்கு பொடிமாஸ், பாய் இரண்டு.

மலையடிவாரச் சோதனைச் சாவடியில் இருந்த சாட்சி அலுவலர் பாத்திமுத்து, வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி ஆள் இறங்கியதும் கேட்டாள்.

“இதுல தனியா வந்தது யாரு?”

புஷ்பம் கையைத் தூக்கினாள்.

பாத்திமுத்து அவள் துணையைக் கழற்றி வாங்கி ஒரு டப்பியில் போட்டு டோக்கன் கொடுத்தாள். மணிக்கட்டில் ஒரு காப்பை மாட்டினாள். “பச்சையா இருந்தா ஒங்களச் சுத்தி முந்நூறு மீட்டருக்கு மனுஷவாடை இல்லைன்னு அர்த்தம். யாராவது வந்தா செவப்பாகும். ரெண்டு தடவை மன்னிப்பு உண்டு. மூணாவது தடவை செவந்தா இன்னைக்கு எழுதினது செல்லாது. இது நம்பர் தாள், இது திசைகாட்டி. மேல நாலு மணி நேர நடை.”

பிறகு குடும்பத்தின் பக்கம் திரும்பினாள். “தூண்டுதல்னா என்னன்னு சட்டத்துல பட்டியல் இருக்கு. மெரட்டுதது, அழுதுகாட்டுதது, பெருமூச்சு விடுதது, பழைய உதவியச் சொல்லிக்காட்டுதது. அப்புறம் ‘ஒன் இஷ்டம்’னு சொல்லுதது. அதுதான் பட்டியல்ல மொதல்ல இருக்கு.”

அப்போதுதான் ‘உன் இஷ்டம்’ என்று சொல்ல வாயைத் திறந்திருந்த லிங்கதுரை கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டார். பெரிய மைனி செல்லக்கனி மட்டும் முன்னால் வந்து, புஷ்பத்தின் பையில் ஒரு தயிர்சாதப் பொட்டலத்தைத் திணித்தாள். “போயி எழுதிட்டு வெரசா வா புஷ்பம். இருட்டுததுக்கு முன்ன எறங்கிரலாம்,” என்றாள். மைனிக்கு இந்த விற்பனையில் ஆர்வம் அதிகம். மாடியறைக்குப் புதுசாக வெள்ளையடித்துத் திரைச்சீலைகூட வாங்கிப் போட்டுவிட்டாள்.

புஷ்பம் ஏறினாள்.

முதல் ஒரு மணி நேரம் ஆளுயரம் வளரும் போதைப்புல் மேடு. அப்புறம் காடு. காதுக்குள் யாருமில்லை. இருபது வருஷமாக ஆள் குடியிருந்த வீடு திடீரென்று காலியானதுபோல் அந்தக் காது அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பாறை குறுக்கே வந்தது. இடப்பக்கமும் போகலாம், வலப்பக்கமும் போகலாம். அவள் நின்றாள். யாராவது சொல்வார்கள் என்று நின்றாள். ஒரு அட்டை செருப்பிலிருந்து கணுக்காலுக்கு ஏறி, சௌகரியமான இடம் பார்த்து உட்காரும்வரை நின்றாள். பிறகுதான், சொல்ல ஆள் இல்லை என்பது உறைத்தது. வலப்பக்கம் போனாள். அங்கே வழியில்லை. திரும்பி வந்து இடப்பக்கம் போனாள். தப்பாகப் போனதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஓடையைத் தாண்டியபோது காப்பு சிவந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஒரு நாகமரத்துக்குப் பின்னால் வெள்ளை வேட்டி தெரிந்தது. வேட்டிக்காரரின் வயிறு மரத்தைவிட அகலம்.

“அண்ணே.”

மரம் பேசவில்லை.

“அண்ணே, தெரியுது.”

லிங்கதுரை வெளியே வந்தார். “நான் ஒண்ணும் பேசலியே. கரடி கிரடி வந்துட்டுன்னா? அதான் சும்மா பின்னால வாரேன்.”

“நீங்க பின்னால வாரதே தூண்டுதலாம்லா.”

“நான் என்ன, எவனோவா? கூடப் பொறந்தவன் நிக்கது எப்படிட்டி தூண்டுதலாவும்?”

“கூடப் பொறந்தவன் நிக்கதுதான் தூண்டுதல். எவனோ நின்னா எனக்கென்ன? எறங்குங்க. இன்னும் ஒருக்கதான் மன்னிப்பு.”

அவர் முனகிக்கொண்டே இறங்கினார். வேட்டி மறைந்தது, காப்பு பச்சையானது. அவள் ஏறினாள். முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஈரமும் இருட்டுமாக மரங்கள் நெருங்கி நின்ற ஒரு சரிவில் காப்பு மறுபடி சிவந்தது. இந்தத் தடவை அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முதுகைப் பிளந்தாலும் அண்ணனைப் பார்த்து ஒரு சொல் தடிப்பாகச் சொன்னதில்லை அவள். இன்று சொல்லிவிடுவது என்று திரும்பினாள்.

அண்ணன் பின்னால் இல்லை. அவளுக்கு முன்னால், மேலே, ஒரு வேரில் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்க முள். ஒரு செருப்பைக் காணோம்.

“இங்கன எப்படி வந்தீக?”

“எறங்கத்தான் செஞ்சேன்,” என்றார் லிங்கதுரை. “எங்கன திரும்பணும்னு தெரியல. காதுல கேக்கேன், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு. நட்டமா நிக்க மரமெல்லாம் ஒண்ணுபோல இருக்கு. நடந்தேன். பாத்தா ஒனக்கு முன்ன வந்து நிக்கேன்.”

ஐம்பத்தாறு வயது. பூலாம்பேரியில் எந்தப் பஞ்சாயத்துக்கும் முதல் நாற்காலி அவருக்கு. அந்த மனுஷர் தங்கச்சி முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

“நான் இப்பம் என்ன செய்யட்டும்? நீ சொல்லு.”

புஷ்பத்துக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்து வேரில் உட்கார்ந்து அவர் காலில் இருந்த அட்டையை எடுத்துப் போட்டாள். மன்னிப்பு இரண்டும் தீர்ந்துபோயிற்று. இனி எவ்வளவு நேரம் சிவப்பாக இருந்தாலும் அது இரண்டாவது கணக்குத்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கேன். வீட்ட விக்கணும்னு ஒங்களுக்கு எப்பம் தோணிச்சு?”

“எனக்கா?” லிங்கதுரை யோசித்தார். துணையில்லாமல் யோசிப்பது அவர் நெற்றிச் சுருக்கத்திலேயே தெரிந்தது. “எனக்கு எங்க தோணிச்சு? அந்தக் கம்பெனிக்காரன் வந்தன்னைக்குத் துணைதான் சொல்லிச்சு, நல்ல நேரம், விட்டுராதீகன்னு. அதுக்குத் தெரியாமலா சொல்லும்?”

“எங்கிட்டயும் அதைத்தான் சொல்லிச்சு. குடும்பத் தலைவரு விருப்பம்னு.”

“எங்கிட்ட, குடும்பத்துல எல்லாரும் விரும்புதாகன்னுலா சொல்லிச்சு.”

“அந்த எல்லாரும் யாரு?”

“நீதான். தம்பி. செல்லக்கனி.”

“அவுகளுக்கு யாரு சொன்னா?”

மேலே ஒரு இருவாச்சிப் பறவை, மூட்டை தூக்குகிறவன் மூச்சுவிடுவதுபோல் இறக்கையடித்துக்கொண்டு போயிற்று. பதினொரு பேர், ஒரு வேன், ஒரு அண்டா புளியோதரை, வெள்ளையடித்த மாடியறை. இவ்வளவு ஏற்பாடும் நடந்திருக்கிறது. விற்கவேண்டும் என்று நினைத்த ஆள்தான் இதில் ஒருவரும் இல்லை.

“அப்பம் வேண்டாம்னு சொல்லிருவீகளா?” என்றாள் புஷ்பம்.

லிங்கதுரை வேட்டியில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். “நான் எப்படிட்டி சொல்ல? அதுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியுமா?” என்றார். பிறகு மெதுவாக, “எனக்குக் கீழ போவத் தெரியல புஷ்பம். அதைச் சொல்லு மொதல்ல,” என்றார்.

அவள் கீழே கைகாட்டினாள். “அந்தத் தண்ணிச் சத்தம் கேக்குதா? அதுதான் நாம தாண்டி வந்த ஓடை. அதுகிட்டப் போங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே நடங்க. அது மலைமேல ஏறாது. சாவடிக்குப் பின்னால கொண்டு விட்டுரும்.”

அவர் தலையாட்டினார். பத்தடி போய்த் திரும்பி, “நீ தனியாப் போயிருவியா?” என்று கேட்டார்.

“அதுக்குத்தான வந்திருக்கேன்.”

காப்பு பச்சையாகும்வரை நின்று பார்த்துவிட்டு, அவள் ஏறினாள்.

உச்சிக்குப் பக்கத்தில் மரங்கள் குட்டையாகிப் பாறை துவங்கியது. நம்பர் தாள் சொன்ன இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும் மூன்று கற்கள். இரண்டு இடுக்கில் கையைவிட்டாள். ஒன்றில் நண்டு, ஒன்றில் வெறும் ஈரம். மூன்றாவதில் தகரம் தட்டுப்பட்டது. பச்சை பெயிண்ட் உரிந்த ஒரு பழைய பெட்டி. அதை வெளியே இழுத்தபோது புஷ்பம் தனக்குத்தானே சிரித்தாள். அந்தச் சத்தம் பாறையில் பட்டு அவளுக்கே திரும்பி வந்தது. எதற்கு ஏறினார்கள் என்று ஞானதிரவியம் சாருக்கு விளங்காதது அவளுக்குக் கொஞ்சம் விளங்கினாற்போல் இருந்தது.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தவளை, ஒரு கோலிக்குண்டு, துருப்பிடித்த விசில், பாலிதீன் உறையில் ஒரு தடித்த நோட்டு. முன்பக்கங்கள் விளையாட வந்தவர்கள் எழுதியவை. ‘மூன்று தடவை வழி தவறினேன். மூன்றும் நல்ல வழி.’ ‘இருவாச்சி இரண்டு. ஆபீசில் லீவு சொல்லவில்லை.’ ‘இந்த இடத்தில் வைத்துக் கேட்டேன், சரி என்று சொன்னாள்.’ அதன் கீழேயே வேறு கையெழுத்தில், ‘களைப்பில் சொன்னேன்.’ ஒருவர் வெறும் அட்டைப்பூச்சி படம் மட்டும் வரைந்திருந்தார், மிகவும் சிரத்தையாக.

நடுவில் அரசாங்க முத்திரை. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக ஒரே வாக்கியம். ‘இது என் சொந்த முடிவு. யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு முழுச் சம்மதம்.’ குண்டு எழுத்தில், நடுங்கிய எழுத்தில், கோணல் எழுத்தில், எல்லாம் பெண்பிள்ளைகள் பெயர். நூற்றுக்கு மேல் எண்ணிவிட்டு விட்டுவிட்டாள். ஒரு பக்கத்தில் மட்டும் ‘சம்மதம்’ என்ற இடத்தில் பேனா அழுத்தித் தாள் கிழிந்திருந்தது. புஷ்பம் அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள்.

பேனாவை எடுத்தாள். ‘இது என்’ வரை கை தானாகப் போயிற்று. நிறுத்தி, அடித்தாள்.

சொந்தப் புத்தி வரட்டும் என்று உட்கார்ந்தாள். முதலில் அம்மா பேசினாள். பிறகு ஞானதிரவியம் சார். பிறகு துணை பேசுவதுபோலவே மண்டைக்குள் ஒரு பழக்கக் குரல். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு ஒன்றுமில்லை, காற்றுத்தான். வெகுநேரம் கழித்து ஒன்று வந்தது. அது பசி. முதன்முதலாக வந்த சுயபுத்தி அதுதான் என்று தயிர்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது, நாளைக்கு உளுந்து ஊறப்போட வேண்டுமே என்று தோன்றியது. ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது முகத்தில் அடிக்கும் மாவு வாசனை, பாத்திரத்தை நீட்டும் கைகள், ‘இன்னைக்கு என்னக்கா இவ்வளவு பொங்கியிருக்கு?’ என்ற கேள்வி. அந்த வீடு எனக்கு வேண்டும் என்று ஒரு குரல் சொல்லிற்று. யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள்தான்.

அடுத்த கவளத்தை எடுக்கும்போது இன்னொன்று தோன்றியது. அண்ணன் சர்க்கரை நோயாளி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏறிவிட்டார். ஒற்றைச் செருப்போடு ஓடையைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தாரோ என்னவோ. எடுத்த கவளத்தைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினாள்.

‘எனக்கு வீடு வேணும். எனக்கு எங்க அண்ணனும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னு யாரு சொன்னதுன்னு தெரியல. நான் சொல்லல. - தங்கபுஷ்பம்.’

எழுதியதைக் காப்பிலிருந்த சின்னக் கண்ணில் காட்டிப் படமெடுத்துக்கொண்டு, பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு இறங்கினாள்.

சாவடியில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வந்து சேர்ந்திருந்தார். காலில் சின்னண்ணனின் செருப்பு, காதில் துணை. புஷ்பம் வருவதைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள். பாத்திமுத்து காப்பைக் கழற்றி இயந்திரத்தில் வைத்தாள். இயந்திரம் வழக்கமாக ஒரு நொடியில் சான்றிதழைத் தள்ளிவிடும். இந்தத் தடவை உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. கடைசியில் ஒரு நீளச் சீட்டு வந்தது. பாத்திமுத்து அதை முதலில் தனக்குள் படித்தாள், பிறகு உரக்கப் படித்தாள்.

“கையெழுத்து: விண்ணப்பதாரருடையது. கருத்து: யாருடையது எனத் தெரியவில்லை. முன்னர் ஏற்கப்பட்ட பக்கங்களுடன் ஒற்றுமை நூற்றுக்கு நான்கு. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு விருப்பங்கள் காணப்படுவதால், குறைந்தது இருவர் தூண்டியிருப்பதாகக் கருதப்படுகிறது. சுயபுத்தி நிரூபணமாகவில்லை. விண்ணப்பதாரரால் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட இயலாது.”

சின்னண்ணன்தான் முதலில் கேட்டார், “அப்பம் வீடு?”

“இவுக கையெழுத்து இல்லாம விக்க முடியாது. இவுக கையெழுத்துப் போட முடியாது,” என்றாள் பாத்திமுத்து. “அஞ்சு வருசத்துக்கு இவுகளுக்குச் சொந்தப் புத்தி இல்லைன்னு சட்டமே சொல்லிட்டு. இனி யாரும் இவுகளக் குத்தம் சொல்ல முடியாது.”

லிங்கதுரையின் காதுக்குள் துணை ஏதோ சொல்வது அவர் முகத்தில் தெரிந்தது. மேல்முறையீடு என்று சொல்லியிருக்கும். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “காது அரிக்கு,” என்று சொல்லி அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அவ என்ன செய்வா? ஏறி எறங்கி எழுதித்தான் குடுத்தா. மெஷின் ஒத்துக்கிடல,” என்று பாயைப் பார்த்துச் சொன்னார். சின்னண்ணனும், “அதான, அவ என்ன செய்வா,” என்றார். ஐந்து நிமிஷத்தில் பதினொரு பேரும் இயந்திரத்தைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பூலாம்பேரி போய்ச் சொல்லவும் அது வசதியாக இருந்தது.

புளியோதரை பரிமாறும்போது லிங்கதுரை குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ரெண்டு விருப்பம்னு படிச்சாகளே. ஒண்ணு என்ன?”

“வீடு.”

“ம். இன்னொண்ணு?”

புஷ்பம் அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் தலைநிமிராமல் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்து அண்டா கழுவக் குழாயடிக்குப் போனபோது செல்லக்கனி மைனி பின்னாலேயே வந்தாள். திரைச்சீலை வாங்கிப்போட்டவள் ஆயிற்றே, நாலு வார்த்தை கேட்கத்தான் போகிறாள் என்று புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மைனி அண்டாவைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

“மேல நெசமாவே ஒண்ணும் கேக்காதா புஷ்பம்?”

“கேக்காது மைனி.”

“எங்க அப்பா வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போடும்போது எனக்கு இருவத்திரெண்டு வயசு. மலையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அடுப்புல கொழம்பு கொதிச்சிட்டிருந்திச்சு. கூப்பிட்டுப் பேனாவக் குடுத்தாக. கையத் தொடச்சிட்டுப் போட்டேன். என்ன எழுதியிருக்குன்னு பாக்கதுக்குள்ள கொழம்பு பொங்கிட்டு.”

புஷ்பம் குழாயை மூடினாள்.

“அன்னைக்கு என்னை யாராவது ஒரு மணி நேரம் ஒரு கல்லுமேல உக்கார வச்சிருந்தா என்ன எழுதியிருப்பேம்னு எனக்குத் தெரியல. சம்மதம்னுதான் எழுதியிருப்பேனோ என்னவோ. அதுகூடத் தெரியல பாத்துக்க.” மைனி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே சாவடி மேசைக்குப் போனாள். “மேடம், எனக்கு ஒரு டோக்கன் வேணும்.”

பாத்திமுத்து விண்ணப்பத்தை எடுத்தாள். “என்ன பத்திரம்?”

“ஒரு பத்திரமும் இல்ல. எங்கிட்டக் கையெழுத்து வாங்குததுக்கு இனி ஒண்ணும் மிச்சமில்ல.”

“அப்பம் மேல போயி என்ன எழுதுவீக?”

“அது போனாத்தான தெரியும்.”

பாத்திமுத்து பேனாவை மூடினாள், திறந்தாள். விண்ணப்பத்தில் ‘முடிவு எடுக்கவேண்டிய பொருள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எதையும் எழுதாமல் கோடு கிழித்து, முத்திரை குத்தி, டோக்கனைக் கிழித்துக் கொடுத்தாள். “வாற ஞாயித்துக்கிழமை. ஆறு மணிக்கு,” என்றாள். “தனியா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் பிடிக்கவில்லை. முதல் பஸ்ஸில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். புஷ்பம் சாவடி வாசலிலேயே நின்றுகொண்டாள். பையில் ஏதாவது திணிக்கலாமா, வழி சொல்லலாமா, பாறைக்கு இடப்பக்கம்தான் போகவேண்டும் என்றாவது ஒரு வார்த்தை சொல்லலாமா என்று வாய் துடித்தது. ஒன்றும் சொல்லவில்லை. மைனி கேட்பதற்கு முன்பே காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போதைப்புல்லுக்குள் ஏறிப்போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. கேட்ட நீங்களும் உங்கள் வீடும் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு அடுப்பும் பொங்கட்டும், மனசும் பொங்கட்டும். பிறந்த பெண்ணுக்கும் வந்த பெண்ணுக்கும் அந்தக் கூரைக்குக் கீழே ஓரிடம் கேட்காமலே இருக்கட்டும். ஒருத்தருக்கொருத்தர் வேண்டும் என்று சொல்லிக்கொள்ள உங்கள் வீட்டில் யாரும் மலையேறும்படி ஆகாமல் இருக்கட்டும்.